அருளும் தெரிவும்: பழனி மலைத்தொடரில் ஒரு கிறிஸ்தவ இறையியல் வழக்கு

மனிதன் தன் செயல்களைத் தானே தெரிவு செய்கிறானா, அல்லது அவை முன்னரே விதிக்கப்பட்டுவிட்டனவா என்னும் வினா, ஓரிறைக் கொள்கையை ஏற்ற எல்லாச் சமூகங்களும் எதிர்கொண்ட வினாவாகும். இறைவனின் ஆற்றல் எல்லையற்றது எனின் மனிதனின் சுதந்திரத்திற்கு இடம் எது? மனிதன் சுதந்திரமானவன் எனின் இறைவனின் நாட்டத்திற்குப் புறம்பாக ஒன்று நிகழக்கூடுமா? நமது இல்முல் கலாம் அறிஞர்கள் கழா-கத்ர் என்னும் தலைப்பில் ஆராய்ந்த இவ்வினா, கிறிஸ்தவ உலகில் அருள், சுயாதீனம், முன்குறித்தல், ஜென்மபாவம் ஆகிய நான்கு சொற்களைச் சுற்றி ஏறத்தாழப் பதினாறு நூற்றாண்டுகளாக விவாதிக்கப்பட்டு வந்துள்ளது.

இவ்விவாதத்தை ஐரோப்பாவுக்கு மட்டும் உரியதாகக் கருதுவது பொதுவான வழக்கம். ஆனால் அதன் வாரிசுகள் நமது மண்ணில், அதுவும் ஒரே மலையில், அண்டை வீட்டாராக வாழ்ந்த வரலாறு ஒன்றுண்டு. இன்று சுற்றுலாத் தலமாக மட்டும் அறியப்படும் கோடைக்கானல், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து கிறிஸ்தவ மிஷன்களின் மலையாக விளங்கியது. அருள் பற்றிய வழக்கில் ஒருவரையொருவர் கடுமையாக மறுத்த திருச்சபைகளின் ஊழியர்கள் இங்கு ஒரே ஏரிக்கரையில் உலாவினர். அவர்களின் வழக்கு இம்மண்ணில் என்னவாயிற்று என்பதை இக்கட்டுரையில் நோக்குவோம்.

வழக்கின் தோற்றம்

இவ்வழக்கின் தந்தை எனக் கொள்ளத்தக்கவர் புனித அகஸ்டின் (கி.பி. 354-430). இன்றைய அல்ஜீரியாவின் சூக் அஹ்ராஸ் பகுதியில் பிறந்து, அதே நாட்டின் அன்னாபாவில், அன்றைய ஹிப்போவில், ஆயராக இருந்தவர் அவர். ஆதமின் வீழ்ச்சியால் மனித இனம் முழுவதும் கறைபட்டது; அக்கறை பிறப்பின் வழியே தொடர்கிறது; எனவே இறையருள் முந்திக்கொண்டு வந்தாலன்றி மனிதனால் நன்மையை விரும்பவும் இயலாது என்பது அவரது முடிவு. பிரிட்டனிலிருந்து ரோமுக்கு வந்த பெலேஜியஸ் என்னும் துறவி இதனை மறுத்தார். இறைவன் ஒன்றைக் கட்டளையிடுகிறான் எனின், அதனை நிறைவேற்றும் ஆற்றலையும் மனிதனுக்கு அளித்திருக்க வேண்டும் என்பது அவரது வாதம். கி.பி. 418-இல் கார்த்தேஜில் கூடிய மன்றம் பெலேஜியஸின் கருத்தைக் கண்டித்தது. ஆயினும் அகஸ்டினின் கோட்பாடும் முழுமையாக ஏற்கப்படவில்லை. கி.பி. 529-இல் கூடிய ஓரான்ஜ் மன்றம் அருளே முந்தியது என உறுதிசெய்த அதே வேளையில், இறைவன் சிலரைத் தீமைக்கென முன்குறித்தான் என்னும் கருத்தை நிராகரித்தது.

இங்கு நமது வாசகர்கள் கவனத்திற்கொள்ள வேண்டிய ஒன்றுண்டு. ஆதமின் குற்றப்பொறுப்பே பிள்ளைகள்மீதும் சுமத்தப்படுகிறது என்னும் கருத்து இலத்தீன் மேற்கில் வளர்ந்தது. பவுலின் உரோமையர் நிருபத்தில் உள்ள ஒரு கிரேக்கச் சொற்றொடரை இலத்தீன் மொழிபெயர்ப்பின் வழியே அகஸ்டின் விளங்கிக்கொண்ட விதம் அதற்கு ஒரு காரணமாயிற்று. கிரேக்க மொழியிலேயே அந்நிருபத்தை வாசித்த கீழைத் திருச்சபைகள், மரணமும் பலவீனமும் ஆதமிடமிருந்து தொடர்கின்றன எனக் கொண்டனவேயன்றிக் குற்றம் தொடர்வதாகக் கொள்ளவில்லை. ஆகவே 'கிறிஸ்தவர்களின் ஜென்மபாவக் கொள்கை' என ஒன்றை ஒருமையில் கூறுவது வரலாற்றுக்குப் பொருந்தாது.

பதினாறாம் நூற்றாண்டில் இவ்வழக்கு மீண்டும் மூண்டது. மனித சித்தம் அடிமைப்பட்டது என 1525-இல் மார்ட்டின் லூத்தர் எராஸ்மஸுக்கு எதிராக எழுதினார். மீட்கப்படுவோரையும் கைவிடப்படுவோரையும் இறைவன் ஆதியிலேயே தீர்மானித்துவிட்டான் என ஜெனீவாவில் கால்வின் போதித்தார். கால்வினின் மரபிலேயே தோன்றிய ஆர்மீனியஸ் (இ. 1609), அருளை ஏற்கவும் மறுக்கவும் மனிதனால் இயலும் என்றார். 1618-19-இல் டச்சு நாட்டின் டோர்ட் நகரில் கூடிய மன்றம் ஆர்மீனியஸின் சீடர்களைக் கண்டித்து அவர்களின் போதகர்களைப் பதவி நீக்கியது. அதே காலப்பகுதியில் கத்தோலிக்க உலகில் இயேசு சபையினரும் தொமினிக்கர்களும் மோதிக்கொண்டனர். லூயிஸ் டி மோலினா என்னும் இயேசு சபைக் குரு 1588-இல் வெளியிட்ட நூல் அம்மோதலுக்கு வித்திட்டது. எச்சூழ்நிலையில் எம்மனிதன் எதனைச் சுதந்திரமாகத் தெரிவு செய்வான் என்பதை இறைவன் அறிவான்; அவ்வறிவின் அடிப்படையிலேயே தன் ஏற்பாட்டை அமைக்கிறான் என்பது மோலினாவின் விளக்கம். நடந்ததையும் நடக்கவிருப்பதையும் மட்டுமன்றி, நடக்காத ஒன்று நடந்திருப்பின் எவ்வாறு நடந்திருக்கும் என்பதையும் அல்லாஹ் அறிவான் என நமது அறிஞர்கள் கூறுவதை இது நினைவூட்டுகிறது.

இறுதியில் 1607-இல் பாப்பரசர் ஐந்தாம் பவுல் இருதரப்புக்கும் ஓர் ஆணை பிறப்பித்தார். இரு கருத்துகளும் போதிக்கப்படலாம். ஒரு தரப்பு மறுதரப்பை மதவிரோதிகள் எனக் கூறலாகாது. தீர்ப்பு உரிய காலத்தில் அறிவிக்கப்படும் என்பது அவ்வாணையின் சாரம். அத்தீர்ப்பு இன்றுவரை அறிவிக்கப்படவில்லை. நாம் பழனி மலைக்கு வரும்போது இந்த மௌனத்தை மீண்டும் நினைவுகூர நேரும்.

கொள்ளைநோயும் மலை வாசமும்

கால்வினியக் கோட்பாடு தமிழ் பேசும் மண்ணை அடைந்தது டச்சுக்காரர் மூலமாகும். 1658-இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய அவர்கள், டோர்ட் மன்றத்தின் வழிவந்த தமது சீர்திருத்தத் திருச்சபையை அங்கு அரச மதமாக்கினர். எனினும் அதனினும் ஆழமான தடத்தைப் பதித்தவர்கள் அமெரிக்கர்களே. 1810-இல் அமைந்த அமெரிக்கன் போர்டு எனும் மிஷன் சங்கம், 1816-இல் யாழ்ப்பாணத்திலும் 1834-இல் மதுரையிலும் பணியைத் தொடங்கியது. இச்சங்கத்தை உருவாக்கியோர் நியூ இங்கிலாந்தின் காங்கிரகேஷனல் திருச்சபையினர். ஜொனாதன் எட்வர்ட்ஸின் சிந்தனை மரபில் வந்தவர்கள். மனித சித்தம் என்பது காரணங்களால் கட்டுண்டது. ஆயினும் மனிதன் தன் செயலுக்குப் பொறுப்பாளியே என 1754-இல் எட்வர்ட்ஸ் நிறுவ முயன்ற நூல் அவர்களின் இறையியல் கல்விக்கு அடித்தளமாக இருந்தது.

இங்கு ஒரு முரண்பாடு தோன்றுவது இயல்பு. யார் மீட்கப்படுவர் என்பது ஆதியிலேயே தீர்மானிக்கப்பட்டுவிட்டதெனின், கடல் கடந்து வந்து போதிப்பது எதற்கு? இங்கிலாந்தின் கால்வினியர் சிலர் இவ்வாறே வாதித்து மிஷன் பணியை எதிர்த்ததுமுண்டு. எட்வர்ட்ஸின் வழிவந்தோர் அளித்த பதில் வேறு. இறைவன் முடிவை மட்டும் விதிக்கவில்லை. அம்முடிவுக்கு இட்டுச்செல்லும் வழிகளையும் விதித்தான். போதனை அவ்வழிகளுள் ஒன்று. 1640-களில் உருவான வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கையும், இறைவிதி இரண்டாம்நிலைக் காரணங்களை நீக்குவதில்லை, அவற்றை நிலைநிறுத்துகிறது என்றே கூறுகிறது.

இக்கோட்பாடு மதுரைச் சமவெளியில் சோதனைக்குள்ளாயிற்று. மிஷன் தொடங்கிய பத்தாண்டுகளுக்குள் ஊழியர்களும் அவர்தம் மனைவியரும் குழந்தைகளும் காலராவாலும் காய்ச்சலாலும் அடுத்தடுத்து மாண்டனர். இறைவன் குறித்த நாள் வரும்வரை இருந்த இடத்திலேயே இருப்போம் என அவர்கள் அமர்ந்துவிடவில்லை. முதலில் சிறுமலையை நாடினர். அங்கு மலைக்காய்ச்சல் விடவில்லை. பின்னர் 1821-இல் லெப்டினன்ட் வார்டு அளவிட்டிருந்த மேல் பழனி மலையை நாடினர். 1845-இல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் 'சன்னிசைட்', 'ஷெல்டன்' எனும் இரு வீடுகள் எழுந்தன. கோடைக்கானல் என்னும் மலை நகரின் தொடக்கம் அதுவே. மதுரை ஆட்சியர் பொறுப்பிலிருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் 1863-இல் ஏரியை அமைத்தது அதன் பின்னரே.

விதியை நம்பியோர் நோய்க்கு அஞ்சி மலை ஏறியது முரண்பாடா? நமது வரலாற்றில் இதற்கு நிகரான நிகழ்வு ஒன்றுண்டு. ஷாமை நோக்கிப் பயணித்த கலீஃபா உமர் (ரழி) அவர்கள், அங்கு கொள்ளைநோய் பரவியிருப்பதை ஸர்ஃ என்னுமிடத்தில் அறிந்து திரும்ப முடிவுசெய்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து தப்பியோடுவதா என அபூ உபைதா (ரழி) அவர்கள் வினவியபோது, அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனது மற்றொரு விதியை நோக்கிச் செல்வதாகவே உமர் (ரழி) அவர்கள் விடை பகர்ந்தார்கள். நோய் பரவிய ஊருக்குள் செல்லலாகாது, அங்கிருப்போர் தப்பியோடலும் ஆகாது என்னும் நபிமொழியை அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரழி) அவர்கள் அப்போது எடுத்துரைத்ததையும் நாம் அறிவோம். மதுரையின் அமெரிக்கர்களுக்கு இத்தகைய சட்டவிதி எதுவும் இருக்கவில்லை. ஆயினும் விதியை ஏற்பதும் வழிமுறையைக் கைக்கொள்வதும் ஒன்றையொன்று மறுப்பனவல்ல என்னும் புரிதலில் இரு மரபுகளும் ஓரிடத்தில் சந்திக்கின்றன. ஏட்டில் தீராத வழக்கை வாழ்வின் நெருக்கடி இவ்வாறு தீர்த்துவிடுவதுண்டு.

செண்பகனூரும் இயேசு சபையினரும்

அமெரிக்கர்கள் வந்த சில ஆண்டுகளிலேயே கத்தோலிக்கரும் மலை ஏறினர். காரணம் ஒன்றே. 1837 முதல் புதிய மதுரை மிஷனை நடத்திய பிரெஞ்சு இயேசு சபைக் குருமார்களையும் நோய் அலைக்கழித்தது. லூயி சேன் சீர் என்னும் குருவின் முயற்சியால் அவர்களுக்கும் கோடைக்கானலில் ஓய்வில்லம் ஒன்று கிட்டியது. 1860-களில் லா சலேத் அன்னை ஆலயம் எழுந்தது. 1895-இல் கோடைக்கானலுக்குச் சற்றுக் கீழே செண்பகனூரில் திருஇருதயக் கல்லூரி அமைந்தது. சபையின் இளந்துறவியர் பயிற்சி பெற்றதும் மெய்யியல் கற்றதும் இங்குதான். தாவரங்களையும் விலங்குகளையும் தொல்பொருள்களையும் கொண்ட அதன் அருங்காட்சியகம் இன்றும் பலரால் அறியப்பட்டது.

இச்சபைக்கும் அருள் வழக்குக்கும் உள்ள தொடர்பு தற்செயலானதன்று. மனிதத் தெரிவுக்கு இடமளித்த மோலினாவின் கோட்பாடு இயேசு சபையின் அடையாளமாகவே மாறியிருந்தது. மதுரை மிஷனின் முன்னோடியான ராபர்ட் டி நொபிலி ரோமில் இறையியல் பயின்றபோது, இவ்வழக்கு பாப்பரசரின் ஆணைக்குழுமுன் விசாரணையிலிருந்தது. 1606-இல் அவர் மதுரையை அடைந்தார். மறு ஆண்டில் ஐந்தாம் பவுலின் ஆணை வெளியாயிற்று.

பிரான்சில் இவ்வழக்கு ஜான்சனியர் வடிவில் தொடர்ந்தது. அகஸ்டினின் கடுமையான கோட்பாட்டைக் கத்தோலிக்கத் திருச்சபைக்குள் மீட்டெடுக்க முயன்ற அவர்கள், மனித சித்தத்திற்கும் மனித வழக்காறுகளுக்கும் இயேசு சபையினர் அளவுமீறி இடங்கொடுப்பதாகக் குற்றஞ்சாட்டினர். 1656-57-இல் பாஸ்கல் எழுதிய கடிதங்களுள் ஒன்று இந்தியாவிலும் சீனாவிலும் இயேசு சபையினர் பின்பற்றிய முறைகளையும் சாடுகிறது. பூணூலையும் குடுமியையும் நொபிலி அனுமதித்தது பற்றிய 'மலபார் சடங்குகள்' சர்ச்சையை நாம் சாதிப் பிரச்சினையாக மட்டும் நோக்குவதுண்டு. அதன் பின்னால் ஓர் இறையியல் வினாவும் இருந்தது. கிறிஸ்துவை அறியாத சமூகம் முற்றிலும் கெட்டுப்போனதா, அல்லது இயல்பான நன்மை அதில் எஞ்சியிருக்கிறதா? ஜென்மபாவத்தை எவ்வளவு கடுமையாக விளங்கிக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்தே இதற்கான விடையும் அமையும்.

சொற்கள் சுமந்து வந்தவை

இவ்வழக்கைத் தமிழில் பேச முற்பட்டபோது மற்றொரு சிக்கல் எழுந்தது. தமிழ் வெற்றுப் பலகையாக இருக்கவில்லை. வடகலை, தென்கலை எனப் பிரிந்த தமிழக வைணவர்கள் இதே வினாவைத் தமக்குள் விவாதித்திருந்தனர். தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டிபோல் அடியவன் முயல வேண்டும் என ஒரு சாராரும், தாய் கவ்விச் செல்லும் பூனைக் குட்டிபோல் அவன் வாளாவிருந்தாலும் அருள் அவனைச் சுமக்கும் என மறுசாராரும் கூறினர். சைவ சித்தாந்தமோ உயிரோடு அநாதியாக ஒட்டிய ஆணவ மலத்தையும் அதனை ஒடுக்கும் திருவருளையும் பேசியது.

இத்தகைய மொழியில் ஒவ்வொரு சபையும் ஒவ்வொரு சொல்லைத் தேடிக்கொண்டது. பழைய கத்தோலிக்கர் இஷ்டப்பிரசாதம் என்றனர். புரொட்டஸ்தாந்தினர் கிருபை என்றனர். பிற்காலத்தில் அருள் என்னும் சொல் இருவருக்கும் பொதுவாயிற்று. தெரிந்துகொள்ளுதல், முன்குறித்தல் ஆகிய சொற்கள் தமிழ் வேதாகமத்தின் வழியே புழக்கத்திற்கு வந்தன.

ஜென்மபாவம் என்னும் சொல்லே பெரும் இடர் விளைவித்தது எனலாம். முற்பிறவி வினையை நம்பிய சமூகத்தில் அச்சொல் ஒருவன் தன் முந்தைய பிறப்பில் செய்த பாவம் என்றே ஒலிக்கும். கிறிஸ்தவம் கூற விரும்பியதோ முதல் மனிதனின் செயலால் வந்த நிலையை. நொபிலி மறுபிறப்பை மறுத்துப் 'புனர்ஜென்ம ஆக்ஷேபம்' என்னும் நூலை எழுத நேர்ந்ததை இப்பின்னணியில் விளங்கிக்கொள்ளலாம். ஒருவன் தன் வினையைத் தானே சுமக்கிறான் என்னும் கொள்கை மறுக்கப்பட்டால், பிறவியிலேயே காணப்படும் ஏற்றத்தாழ்வுக்கும் துன்பத்திற்கும் வேறு விளக்கம் கூறியாக வேண்டும். நமது முன்னோரும் இதே மண்ணில் இதே சொற்களோடு மல்லுக்கட்டினர். கத்ர் என்பதை விதி என்றும், ரஹ்மத் என்பதை அருள் என்றும் நாம் பெயர்க்கும்போது, தலைவிதி, திருவருள் ஆகியவற்றின் பழைய பொருள்களும் உடன் வந்துவிடுகின்றன. கத்ர் பற்றிப் பாமர மக்களிடையே நிலவும் செயலற்ற மனப்பான்மைக்கு இச்சொற்களும் ஓரளவு காரணமாகலாம்.

மூதாதையர் பற்றிய கேள்வி

மிஷனரிகளின் போதனையைக் கேட்ட மக்களுக்கு மற்றெல்லாக் கேள்விகளையும்விட முக்கியமான கேள்வி ஒன்றிருந்தது. இச்செய்தி எட்டுமுன்னரே இறந்துபோன எம் பெற்றோரின், பாட்டனாரின் கதி என்ன? முன்குறித்தல் கோட்பாட்டின் கடுமை அனைத்தும் இக்கேள்வியில் வெளிப்பட்டது.

இக்கேள்வி அமெரிக்கன் போர்டையே உலுக்கியதுமுண்டு. 1847-இல் பம்பாயில் பிறந்து, அகமத்நகரில் மிஷனரியாகப் பணியாற்றிய ராபர்ட் ஏ. ஹியூம், 1886-இல் விடுப்பில் அமெரிக்கா சென்றிருந்தார். தம் வாழ்நாளில் கிறிஸ்துவைப் பற்றிக் கேள்வியுறாதோருக்கு மரணத்திற்குப் பின் ஒரு வாய்ப்பு அளிக்கப்படக்கூடும் என்னும் ஆண்டோவர் இறையியலாளர்களின் கருத்துக்கு அவர் அனுதாபம் காட்டினார். சங்கத்தின் செயற்குழு அவரை மீண்டும் இந்தியாவுக்கு அனுப்பத் தயங்கியது. நீண்ட இழுபறிக்குப் பின்னரே அவர் திரும்பி வர முடிந்தது. ஆண்டோவர் கல்லூரியோ கால்வினியத்தின் தூய்மையைக் காப்பதற்கென்றே 1807-இல் நிறுவப்பட்ட ஒன்று என்பது இங்கு கருதத்தக்கது. இந்திய மக்களோடு பழகிய ஒருவரின் மனச்சாட்சி நியூ இங்கிலாந்தின் கோட்பாட்டைக் கேள்விக்குட்படுத்தியது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'ஃபைஸலுத் தஃப்ரிகா' என்னும் நூலில் இதே பிரச்சினையை ஏழெட்டு நூற்றாண்டுகளுக்கு முன்னரே எடுத்துக்கொண்டார்கள். நபி (ஸல்) அவர்களின் பெயரையே கேள்வியுறாதோர், உண்மையான வடிவில் அறிந்தும் மறுத்தோர், திரிபுபட்ட செய்தியை மட்டும் கேட்டோர் என மூவகையினரை அவர்கள் பிரித்துக் காட்டுகிறார்கள். முதல் வகையினரும் மூன்றாம் வகையினரும் மன்னிப்புக்குரியோர் என்பது அவர்களின் முடிவு. தன்னைப் போதகன் எனக் கருதும் எவருக்கும் மூன்றாம் வகை ஓர் எச்சரிக்கையாகும். கேட்பவன் மறுத்தது உண்மையையா, அல்லது நாம் திரித்துக் கூறிய ஒன்றையா?

தீராத வழக்கும் கூடிய சபைகளும்

இருபதாம் நூற்றாண்டில் இவ்வழக்கு எதிர்பாராத திசையில் சென்றது. 1908-இல் மதுரையின் காங்கிரகேஷனல் சபையும், டோர்ட் மன்றத்தின் வழிவந்த ஆற்காடு சீர்திருத்த மிஷனின் சபையும், ஸ்காட்லாந்து பிரஸ்பிட்டேரியரும் பிறரும் இணைந்து தென்னிந்திய ஐக்கிய சபையாயினர். வேலூர் மருத்துவமனையின் தாய் எனப்படும் ஐடா ஸ்கடர் அந்த ஆற்காடு மரபில் வந்தவர். தம் இறுதிக் காலத்தைக் கோடைக்கானலில் கழித்து 1960-இல் அங்கேயே காலமானார். இவர்கள் அனைவரும் கால்வினின் பிள்ளைகள். ஆதலால் இவ்விணைப்பு வியப்பன்று.

வியப்புக்குரியது 1947 செப்டம்பர் 27-இல் சென்னையில் நிகழ்ந்தது. அன்று உருவான தென்னிந்தியத் திருச்சபையில் ஐக்கிய சபையினரோடும் ஆங்கிலிக்கரோடும் மெதடிஸ்தரும் சேர்ந்தனர். மெதடிஸ்த மரபின் தந்தை ஜான் வெஸ்லி 1739-இல் முன்குறித்தல் கோட்பாட்டைக் கண்டித்துப் பிரசங்கித்தவர். அதன் காரணமாகவே தம் நண்பர் ஜார்ஜ் விட்ஃபீல்டிடமிருந்து பிரிந்தவர். இருநூறு ஆண்டுகளுக்குமுன் இங்கிலாந்தில் பிரிந்த இரு தரப்பினர் தமிழகத்தில் ஒரே சபையாயினர். வழக்கு தீர்ந்துவிட்டதா எனின், இல்லை. புதிய திருச்சபை வேதாகமத்தையும் பழைய விசுவாசப் பிரமாணங்களையும் அடிப்படையாகக் கொண்டது. டோர்ட் தீர்மானங்களையோ அவற்றுக்கெதிரான வெஸ்லியின் பிரசங்கங்களையோ எவர்மீதும் சுமத்தவில்லை. ஐந்தாம் பவுல் மேலிருந்து விதித்த மௌனத்தை இங்கு இரு தரப்பும் தாமாகவே ஏற்றன எனலாம்.

எனினும் அது சிந்தனையற்ற மௌனமன்று. மதுரை-இராமநாதபுரம் பேராயத்தின் முதல் பேராயராகப் பொறுப்பேற்ற லெஸ்லி நியூபிகின், தெரிந்துகொள்ளுதலுக்குப் புதிய விளக்கம் தந்தார். இறைவன் சிலரைத் தெரிந்துகொள்வது பிறரைக் கைவிடுவதற்கன்று, பிறருக்கான பொறுப்பைச் சுமப்பதற்கே என்பது அவர் கருத்து. அமெரிக்கன் போர்டின் யாழ்ப்பாணக் கிளையிலிருந்து எழுந்த பேராயர் சபாபதி குலேந்திரன், அருள் பற்றிக் கிறிஸ்தவமும் இந்து சமயமும் கூறுவனவற்றை ஒப்பிட்டு 1964-இல் விரிவான ஆங்கில நூல் ஒன்றை வெளியிட்டார். இவ்வழக்கை அதன் ஐரோப்பிய எல்லைக்கு வெளியே கொணர்ந்து, இம்மண்ணின் வைணவ, சைவ மரபுகளோடு உரையாட வைத்த பெருமை அவருக்குண்டு. தென்னிந்தியத் திருச்சபையும் லூத்தரன் சபைகளும் 1948 முதல் 1959 வரை நடத்திய இறையியல் உரையாடல்களிலும் தெரிந்துகொள்ளுதல் ஆய்வுப் பொருள்களுள் ஒன்றாயிற்று.

இணையாமல் நின்றோரும் உண்டு. 1895-இல் கிருஷ்ணகிரியில் தொடங்கிய மிசூரி லூத்தரன் மிஷனின் தாய்ச் சபை, 1880-களில் முன்குறித்தல் வழக்கில் சக லூத்தரன் சபைகளோடு உறவை முறித்துக்கொண்ட வரலாறுடையது. கோடைக்கானலில் 'லாக் எண்ட்' என்னும் வளாகத்தில் அவர்களின் பிள்ளைகள் பயின்றனர். அவர்கள் தமது கோட்பாட்டுத் தூய்மையைப் பேணி ஐக்கியத்திலிருந்து விலகி நின்றனர்; 1958-இல் அவர்களின் மிஷன் இந்திய சுவிசேஷ லூத்தரன் திருச்சபையாயிற்று. உண்மையில் சமரசம் கூடாது என்னும் அவர்களின் நிலைப்பாட்டை நாம் எளிதில் ஒதுக்கிவிட இயலாது. மௌனம் சில வேளைகளில் பணிவின் அடையாளம். சில வேளைகளில் அக்கறையின்மையின் அடையாளம். இவ்விரண்டையும் பிரித்தறிவது கடினம்.

நாம் பெறத்தக்கது

இஸ்லாமிய வரலாற்றிலும் இவ்வழக்கு இரத்தம் சிந்தாமல் கழியவில்லை. மனித சுதந்திரத்தை வலியுறுத்திய மஃபத் அல்-ஜுஹனீயும் கைலான் அத்திமிஷ்கீயும் கொல்லப்பட்டனர். அதற்கு நேர்மாறாக மனிதனுக்குச் செயலாற்றலே இல்லை என்ற ஜஹ்ம் பின் ஸஃப்வானும் கொல்லப்பட்டார். அதே உமையாக்களின் டமஸ்கஸில் வாழ்ந்த கிறிஸ்தவ அறிஞர் யோவானின் பெயரால் வழங்கும் உரையாடல் நூல் ஒன்று, முஸ்லிமும் கிறிஸ்தவரும் இவ்வினாவை நேருக்கு நேர் விவாதிப்பதாக அமைந்துள்ளது. முஃதஸிலாக்கள் இறைநீதியை முன்னிறுத்தினர். இமாம் அஷ்அரீ (ரஹ்) அவர்கள் செயலைப் படைப்பவன் அல்லாஹ், அதனைச் சம்பாதிப்பவன் மனிதன் என்னும் கஸ்பு கோட்பாட்டை முன்வைத்தார்கள். இமாம் மாத்துரீதீ (ரஹ்) அவர்கள் மனிதத் தெரிவுக்குச் சற்றுக் கூடுதலான இடமளித்தார்கள். அஷ்அரீகளும் மாத்துரீதீகளும் இதில் வேறுபட்டபோதும் ஒருவரையொருவர் வழிகேடர் எனத் தள்ளவில்லை. இரு சாராரும் அஹ்லுஸ் ஸுன்னாவினராகவே கொள்ளப்பட்டனர். கத்ர் பற்றித் தர்க்கித்துக்கொண்டிருந்த தோழர்கள்மீது நபி (ஸல்) அவர்கள் முகம் சிவக்கக் கோபமுற்ற செய்தியும் ஹதீஸ் தொகுப்புகளில் உண்டு. இவ்வினாவுக்கு ஓர் எல்லை உண்டு என்பதை அது உணர்த்துகிறது.

ஜென்மபாவத்தில் நமது நிலைப்பாடு தெளிவானது. ஆதம் (அலை) அவர்களின் தவ்பா ஏற்கப்பட்டது. ஒவ்வொரு குழந்தையும் ஃபித்ராவில் பிறக்கிறது. ஒருவரின் சுமை மற்றொருவர்மீது ஏற்றப்படுவதில்லை. இவ்வேறுபாட்டை மறைக்க வேண்டிய தேவையில்லை. ஆனால் விவாத மேடைகளில் இவ்வொன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, கிறிஸ்தவர் அனைவரும் பிறந்த குழந்தையைக் குற்றவாளியாக்குகின்றனர் எனப் பேசுவது எளிது. அவ்வாறு பேசுவோர் ஓரான்ஜ் மன்றத்தையும், கீழைத் திருச்சபைகளின் மறுப்பையும், மோலினாவையும், வெஸ்லியையும், அகமத்நகரின் ஹியூமையும் இல்லாதவர்களாக்கிவிடுகின்றனர். நம்மைப் பற்றி எவரேனும் ஜஹ்மின் கருத்தை மட்டும் எடுத்துக்காட்டி, முஸ்லிம்கள் விதியின் கைப்பாவைகள் எனக் கூறும்போது நாம் வருந்துகிறோம். அத்தகைய கூற்று காலனித்துவ ஆய்வாளர்களின் எழுத்துகளில் நெடுங்காலம் நிலைத்திருந்தது. நமக்கு இழைக்கப்பட்டபோது அநீதி எனக் கண்டதை நாம் பிறருக்கு இழைப்பது எவ்வாறு முறையாகும்? பகையுள்ள சமூகத்தாரிடமும் நீதி தவறலாகாது எனப் பணிக்கும் அல்குர்ஆன், அண்டை வீட்டாரின் கொள்கையை எடுத்துரைப்பதிலும் அந்நீதியையே எதிர்பார்க்கிறது.

கத்தோலிக்கரும் லூத்தரன் திருச்சபைகளின் கூட்டமைப்பும் 1999-இல் அருள் பற்றிய கூட்டறிக்கையில் கையொப்பமிட்டனர். 2006-இல் மெதடிஸ்தரும் 2017-இல் சீர்திருத்தத் திருச்சபைகளும் அதனோடு இணைந்தனர். ஐரோப்பா அவ்விடத்தை வந்தடைய ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் பிடித்தன. நமது மண்ணிலோ கால்வினின் வாரிசுகளும் வெஸ்லியின் வாரிசுகளும் 1947-லேயே ஒரே பந்தியில் அமர்ந்தனர். அதற்கு வழிவகுத்தவற்றுள் தர்க்கம் மட்டுமன்றி, ஒரே நோய்க்கு அஞ்சி ஏறிய மலையும், ஒரே மக்களின் கேள்விகளும், ஒரே மொழியின் சொற்களும் அடங்கும். சுன்னத் ஜமாஅத், தவ்ஹீத் எனப் பிரிந்து நிற்கும் தமிழ் முஸ்லிம் சமூகம், தனக்குள் எழுந்துள்ள வழக்குகளில் எவை தீர்க்கப்பட வேண்டியவை, எவை அல்லாஹ்விடம் ஒப்படைக்கப்பட வேண்டியவை எனச் சிந்திக்கையில் இவ்வரலாற்றையும் கருத்திற்கொள்வது பயனுடையதாகும்.